பொருந்தாத ஸ்பிரிங்

பிச்சாட்டூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுந்தரிக்கு, தனசேகர் எழுதுவது.

நானும் நம் பெண் மோனிகாவும் சௌக்கியம். குவைத்தில் வெயில் கொஞ்சமாவது குறைந்ததா? வெள்ளிக்கிழமைதோறும் நீ போனில் பேசும்போது உன் எஜமானியம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அந்த அவசரத்தில் எதைச் சொல்வது? வேதாச்சலம் அண்ணன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

மோனிகா புத்தூர் காலேஜுக்கு ஒழுங்காகப் போய் வருகிறாள். காலையில் அவளே சோறு வடித்துவிடுகிறாள். குழம்பில்தான் உப்பு ஒருநாள் போல ஒருநாள் இருப்பதில்லை. நான் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிடுகிறேன்.

தம்பி குரலே கேட்கவில்லையே என்று போன வாரம் கேட்டாய். போனை மோனிகாவிடம் கொடுத்துவிட்டேன். தம்பி சிரஞ்சீவி இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வருவதில்லை.

முனிகிருஷ்ணன் வேன் உனக்குத் தெரியும், ஸ்ரீ சிட்டி கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போவது. அதன் இன்ஜினை முழுசாகப் பிரித்திருந்தோம். கீழ் வேலையை நான் முடித்தேன். வால்வுகள் உட்காரும் மேல் பாகம், அந்த ஹெட் வேலையைத் தம்பியிடம் விட்டிருந்தேன். அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

வால்வு ஸ்பிரிங்குகளில் பாதி தளர்ந்துபோயிருந்தன. அந்த மாடலுக்கு உரியது திருப்பதியில் கிடைக்கவில்லை. முனிகிருஷ்ணனோ காலையும் மாலையும் வந்து, "திங்கக்கெழம வண்டி போவலன்னா காண்ட்ராக்டரு வேற வேன் வெச்சிக்குவான்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். தம்பி மனசு கேட்கவில்லை. வேறொரு இன்ஜினின் ஸ்பிரிங்கை, உயரம் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கி, பழையதோடு கலந்து மாட்டிவிட்டான். ஸ்பிரிங்கின் தலையில் ஒரு தட்டு உட்காரும், ரிடெய்னர் என்போம். அது ஸ்பிரிங்குக்குள் கச்சிதமாக இறங்கினால்தான் வால்வு தன் இடத்தில் நிற்கும். அந்தத் தட்டுகளையும் பழைய இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தான்.

நான் எழுந்து போனபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகவே ஓடியது. முனிகிருஷ்ணன் தேங்காய் கூட வாங்கி வந்திருந்தான். சத்தத்தில் ஏதோ ஒன்று எனக்கு ஒட்டவில்லை. நிறுத்தி, மேல் மூடியைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங் தட்டில் சரியாக உட்காராமல் சாய்ந்து நின்றது. இன்னொன்று அமுங்கும்போது அதன் வளையங்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. மெதுவாகப் போனால் தெரியாது. வேகத்தில் தட்டு நழுவினால் வால்வு உள்ளே விழுந்து இன்ஜின் இறுகிப்போகும். வண்டி நிறையப் பெண்கள், பின்னால் லாரிகள்.

சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். தம்பி, "ஓடிக்கினுதானே கீது, இன்னா கெட்டுப்போச்சி இப்ப?" என்றான். "இது வேலையாடா? ஆளக் கொல்ற வேல" என்றேன். முனிகிருஷ்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தம்பி கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டிக்காரன் எதிர்லயே சொல்லிட்டல்ல. இனிமே நீயே பாத்துக்கோணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சித்தூரில் அலைந்து, ஸ்பிரிங்கும் தட்டும் ஒரே செட்டாகக் கிடைத்து, மாட்டி முடிக்கப் புதன்கிழமை ஆகிவிட்டது. அதற்குள் காண்ட்ராக்டர் வேறு வேன் வைத்துவிட்டான். முனிகிருஷ்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அப்டியே உட்டிருந்தா நெஜமாவே ஒடஞ்சிருக்குமா தனா?" என்று மட்டும் கேட்டான். உடைந்திருக்கும் என்றேன். எப்போது என்று கேட்டான். தெரியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துப் போனான். இப்போது கல்யாணம், கோயில் என்று சவாரி கிடைத்தால் ஓட்டுகிறான். மற்ற நாளெல்லாம் வேன் அவன் வீட்டு வாசலில் நிற்கிறது. அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

தம்பி ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் லோடிங் வேலைக்குச் சேர்ந்து, சத்தியவேட்டில் ரூம் எடுத்திருக்கிறான். என் போனை எடுப்பதில்லை. ஒருநாள் ஷிப்டு விடுகிற நேரத்துக்குப் போய் கேட் அருகில் நின்றேன். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டான். இத்தனை வருஷம் ஸ்பேனர் பிடித்த கை, அட்டைப் பெட்டி தூக்குகிறது.

சுந்தரி, நீ கூப்பிட்டால் எடுப்பான். அண்ணி பேச்சை அவன் தட்டியதில்லை. ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசாதே. யார் சொன்னது சரி என்பதும் வேண்டாம். நல்லா இருக்கிறாயா என்று கேள். அண்ணன் கேட்கச் சொன்னார் என்று சொல். ஹெட்டைத் தூக்கி வைக்க ஒற்றை ஆளால் முடியவில்லை என்று நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம். வாய் தவறிச் சொல்லிவிட்டாலும் பரவாயில்லை.

நாகலாபுரம் பெருமாள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். சத்தியவேட்டில் தனியாகக் கிடப்பவனையும்.

இப்படிக்கு,
தனசேகர்