பெரிய வீட்டு முகவரி

மார்ச் 4
யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்பார்கள். நான், மகன், ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள், ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிறவள்.

வீட்டு எண் கேட்டாள். “தண்ணிக் குழாயிலேருந்து ஏழாவது கதவு” என்றேன்.

“பாட்டி, கம்ப்யூட்டருக்குக் குழாயெல்லாம் தெரியாது.”

எங்கள் சந்துக்கு எண் கிடையாது. பள்ளிக்கூடமோ காஸ் அடுப்போ, எதற்கும் வேலை பார்க்கும் வீட்டு முகவரியைத்தான் கொடுப்போம். மருமகள், தான் பாத்திரம் தேய்க்கும் அடுக்குமாடி வீட்டைச் சொன்னாள். “எழுதிக்கோ, அதுக்கென்ன” என்று அந்த வீட்டம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

“அந்தத் தெருவா? போன் போட்டா பத்து நிமிஷத்துல ஆம்புலன்ஸ் நிக்கும்” என்றாள் பதிகிறவள். அதே ஆஸ்பத்திரி, அதே வண்டி. எங்கள் சந்துக்கு மட்டும் சக்கரம் உருளாதோ?

மே 20
கால் வீங்கிக் கிடக்கிறது, இன்றும் வேலைக்குப் போனாள். “ஒரு நாள் நீங்க திட்டாம இருங்க அத்தை, வீக்கம் தானா வத்திடும்” என்கிறாள். வாயைப் பார்!

ஜூன் 11
பெண் குழந்தை. காலை பத்தரைக்கு, சந்தில் எங்கள் அறையிலேயே, அவசரமாக. ரத்தம் நிற்கவில்லை. மகன் போனில் சந்துக்கு வழி சொல்லிக் கத்தினான். பதிவில் உள்ள இடத்துக்கு வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். வழிகாட்டப் பக்கத்து அறைத் தையல்காரி அங்கே ஓடினாள். அவள் போவதற்குள் வந்த வண்டி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வீட்டம்மா மாடியிலிருந்தே சொன்னாளாம்: “அப்படி யாரும் இங்க இல்லையே.”

பத்து நிமிஷத்தில் வந்த வண்டி!

கடைசியில் கிடைத்த ஆட்டோவில், என் மடியில் — எழுத வரவில்லை.

ஜூன் 13
வீட்டம்மா வந்து அழுதாள். “பயந்துட்டேம்மா. போலீஸ் கேஸாயிடுமோன்னு...”

“மூணு வருஷம் உன் எச்சில் தட்டைக் கழுவினவ. யாருன்னே தெரியாமப் போச்சா?” என்றேன். மகன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

ஜூலை 9
ஆஸ்பத்திரி விசாரணை. ‘குடும்பத்தார் தவறான முகவரி கொடுத்ததால் தாமதம்’ என்று அதிகாரி படித்தார்.

“எவன் சொன்னான்?” என்று எழுந்தேன். தாளைத் திருப்பிக் காட்டினார். வீட்டம்மா பேச்சே அதில் இல்லை. அடியில் என் மகன் கையெழுத்து.

ஆகஸ்டு 1
மகனுக்குக் காவலாளி வேலை. அதே அடுக்குமாடியில். வீட்டம்மா சொல்லி வாங்கிக் கொடுத்தது. காலையில் புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, “செத்தவ திரும்பி வருவாளாம்மா? குழந்தைய வளர்க்கணுமில்ல” என்றான்.

குழந்தையை நான் வளர்ப்பேன். அந்த அம்மா யாரோ ஒருத்தி. பயந்தாள் என்று என் மனசு ஒரு நாள் ஆறினாலும் ஆறும். இவனை மன்னிக்க மாட்டேன், நான் பெற்ற மகனை.