வழக்கம்போல் என்று எழுதிய நாள்

10 செப்டம்பர் 1987
மன்னியுங்கள், மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அஸ்ரின் இப்போதுதான் கண் மூடினாள். மூன்று வயதுக்கு எத்தனை கேள்வி! "அத்தா எப்பம்மா வருவாங்க? தம்பி வர்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"உலையில நாங்க ஒரு ஷிப்டு விடாம எழுதுவோம். நீயும் எழுது, வந்து படிக்கிறேன்" என்று கல்பாக்கத்திலிருந்து என்னை இங்கே உங்கள் ஊரில் மாமா மாமியிடம் கொண்டுவந்து விட்டுக் கிளம்பும்போது இந்த நோட்டைக் கொடுத்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று உங்கள் கடிதம் வந்தது. இங்கிலாந்தில் மூடிப்போட்ட சின்னச் சோதனை அணு உலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்களாம். நம் உலைகளையும் ஒருநாள் பிரிக்கத்தானே வேண்டும், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள உங்களை அனுப்பியிருக்கிறார்கள். வரைபடத்தில் இல்லாத குழாய் ஒன்று சுவருக்குள் இருந்ததாம். அந்தக் காலத்து ஃபிட்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டார்களாம். முதல் பாடம் என்று அடிக்கோடு போட்டிருந்தீர்கள்: பிரிக்கப் போகிறவனுக்காகக் கட்டும்போதே எழுதி வை.

எனக்கு ஏழாம் மாதம். கால் வீங்குகிறது. பயமாக இருக்கிறது, காரணம் தெரியவில்லை.

17 செப்டம்பர்
இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ஒரு வாரமாம். மாமா கடையில் மூட்டை தூக்கும் வீரமுத்து அண்ணனும் போகிறார். "என் புள்ள மார்க்கு வாங்கியும் சீட்டு இல்ல. வேற இன்னா பண்றது, நீயே சொல்லும்மா."

19 செப்டம்பர்
வலி. இன்னும் நாள் இருக்கே —

28 செப்டம்பர்
பால் சுரந்து துணி நனைகிறது. குடிக்கத்தான் யாருமில்லை.

3 அக்டோபர்
மாமி சொல்லச் சொல்ல உங்களுக்குக் கடிதம் எழுதினேன். "புள்ள பரதேசத்துல ஒத்தையா கெடக்கான். இப்ப சொன்னா தாங்குவானா? வந்தப்புறம் சொல்லிக்கலாம்."
'இங்கு அனைவரும் நலம்.' என் கையெழுத்துதான்.

21 அக்டோபர்
உங்கள் கடிதம். சுவரை அறுத்தபோது உள்ளே யாரும் எதிர்பாராத கதிர்வீச்சாம். இருபது வருடத்துக்கு முந்தைய கசிவு, துடைத்து மேலே பூசி விட்டிருக்கிறார்கள். அன்றைய பதிவேட்டில் ஒரே சொல்: 'வழக்கம்போல்.' "எழுதினவன் கெட்டவனா இருக்கமாட்டான், பயந்திருப்பான். ஆனா கசிவுன்னு ஒரு வரி இருந்திருந்தா, அறுத்தவங்க பாதுகாப்போட போயிருப்பாங்க. நம்ம ஊருக்கு நான் கொண்டுவரப் போற பெரிய பாடம் இதுதான்."
கடைசியில்: பையன் என்றால் நவுஷாத், அது பிடிக்கவில்லையென்றால் சுபைர்.
நான் எழுதியதும் 'வழக்கம்போல்'தானே?

22 அக்டோபர்
"தம்பி ஆஸ்பத்திரியிலயா தூங்கிக்கினு இருக்கான்?" அஸ்ரின் கேட்கிறாள். அவளிடமும் பொய்தான் சொல்லி வைத்திருக்கிறோம்.

5 நவம்பர்
விட்டுப்போன 19 செப்டம்பர் பதிவு.

காலை ஆறு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. இங்கே முடியாது, சேலம் கொண்டுபோங்கள் என்றார்கள் நம் ஊர் ஆஸ்பத்திரியில். வாடகைக் கார், மாமாவும் மாமியும் நானும். சின்னசேலத்துக்கு முன்னால் சாலை முழுக்க வெட்டிப்போட்ட புளியமரம். அங்கே கோடாலியோடு வீரமுத்து அண்ணன். என்னைப் பார்த்ததும், "வழி வுடுங்கடா, நம்ம பாய் வூட்டுப் பொண்ணு!" என்று கத்தினார். பத்துப் பேர் சேர்ந்து மரத்தைப் புரட்டினார்கள். அதைத் தாண்டினால் இன்னொரு மரம். அதற்கப்பால் இன்னொன்று.

காரிலேயே பிறந்தான். ஆண். உங்கள் காது. மாமா அந்தக் காதில் பாங்கு சொன்னார். மதியம் லுஹர் தொழுகை நேரம் வரை என் மார்மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் இல்லை.

ஊருக்கே திரும்பினோம், மாலையில் அடக்கம். மையவாடிக்கு வெளியே நின்று, "நான் வெட்டுன மரம், பாய்" என்றாராம் வீரமுத்து அண்ணன். அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமிக்குத் தெரியாமல் இந்த நோட்டை இன்று தபாலில் சேர்க்கிறேன். அனைவரும் நலம் என்றது பொய். ஏழாம் நாளும் பெயர் வைக்கவில்லை, "அவன் வந்து வைக்கட்டும்" என்று மாமா விட்டுவிட்டார். அவ்வளவு நாள் நம் பிள்ளை பெயரில்லாமல் கிடக்க வேண்டாம்.

நவுஷாதா, சுபைரா? சீக்கிரம் பதில் போடுங்கள்.