மூன்றாவதாக வருகிறவளைக் கேள்

என்னைப் பெற்றதோடு நிற்காமல் எனக்கொரு கல்லூரியையும் தேடித் தந்த அம்மாவுக்கு,

விடுதியிலிருந்து எழுதிய நாளெல்லாம் உன்னை ‘நீங்கள்’ என்றுதான் எழுதினேன். அப்பா உரக்கப் படிப்பார், பக்கத்து வீட்டார் கேட்பார்கள் என்ற பயம். இப்போது நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இனி யார் படித்தால் என்ன? வீட்டில் கூப்பிட்ட மாதிரியே ‘நீ’ என்று எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. கொடி மாறிவிட்டது, ரேஷன் மாறவில்லை. கப்பல்கள் இன்னும் கரைக்கு வராமல் தூரத்திலேயே நிற்கின்றன. தோணிக்காரர்கள்தான் போய்ச் சரக்கை இறக்கி வருகிறார்கள். கப்பல் கம்பெனியில் அப்பாவுக்கு அதே மேஜை, அதே மூக்குக்கண்ணாடி. தங்கை ரூத் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். அவளை எங்கே சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அப்பா என்ன சொல்கிறார் என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? “நம்ம தம்பி வீடு இருக்கு. அங்கன இருந்து நாலு எட்டுல காலேஜு.” ஆறு வருஷத்துக்கு முன்னால் என் விஷயத்தில் சொன்ன அதே வார்த்தை!

நம் ஆட்களுக்கு அது ஒரு வியாதி. பிள்ளையைப் படிக்க அனுப்ப வேண்டுமென்றால் கல்லூரியைப் பார்க்க மாட்டார்கள். எந்த ஊரில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்று பார்ப்பார்கள். சித்தப்பா இருந்த ஊரிலும் ஒரு பெண்கள் கல்லூரி இருந்தது. அதோடு என் படிப்பு முடிவாகிவிட்டது. நீ ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“நல்ல காலேஜாவே இருக்கட்டும். சிப்பியத் திறந்து பாக்காம சலாபம் போடுவாகளா?” என்று அப்பாவைக் கேட்டாய்.

வெளியூர்க்காரர்கள் படித்தால் விளங்க வேண்டுமே. சலாபம் என்பது எங்கள் கடலில் நடக்கும் முத்துக்குளிப்பு. அதை அறிவிப்பதற்கு முன்னால் சர்க்கார் ஆட்கள் கொஞ்சம் சிப்பியை எடுத்துவரச் சொல்லித் திறந்து பார்ப்பார்கள். உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. சின்ன வயதில் நீ அதைக் கடற்கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாய். பெரிய சிப்பி, வடிவான சிப்பி என்று பொறுக்கக் கூடாது, கைக்கு வந்ததைத்தான் திறக்க வேண்டும் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய்.

அது யுத்த காலம். ரயிலில் நிற்கவே இடமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நீ, கட்டுச்சோற்றையும் என்னையும் தூக்கிக்கொண்டு கல்லூரி பார்க்கப் புறப்பட்டாய். வாசலுக்கு எதிரே உட்காருவாய். கடைசி மணி அடித்துப் பெண்கள் வெளியே வருவார்கள். இரண்டு பேரை விட்டுவிட்டு, மூன்றாவதாக வருகிறவளை நிறுத்துவாய். அவள் யாராக இருந்தாலும் சரி. “ஏளா, மணி அடிச்ச பொறவு நீ என்ன செய்வ?” இந்த ஒரு கேள்விதான். பிறகு அடுத்த மூன்றாவது பெண். எனக்கு மானம் போயிற்று. தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு யாரோ போலத் தள்ளி நின்றேன்.

சித்தப்பா ஊரில் நீ நிறுத்தியவர்களில் பாதிப்பேர் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறவர்கள். “ஓடணும்மா, மாமி தேடுவாங்க” என்றாள் ஒருத்தி. “அத்தை பிள்ளையைப் பாத்துக்கணும்” என்றாள் இன்னொருத்தி. சொல்லும்போதே நடந்துகொண்டிருந்தார்கள். சித்திக்கு அப்போது நாலாவது பிள்ளை கைக்குழந்தை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். எனக்கும் விளங்கிவிட்டது.

அடுத்து, வடக்கே ஒரு பகல் முழுக்க ரயிலில் போய்ச் சேர்ந்த ஊர். அங்கே மணி அடித்து நெடுநேரம் ஒருத்தியும் வெளியே வரவில்லை. “இன்னைக்கு லீவோ?” என்று வாட்ச்மேனைக் கேட்டாய். ஒருவழியாக மூன்றாவதாக வந்தவள் ஒரு குள்ளமான பெண். கையில் ஏதோ செடி. அதன் தண்டை ஒடித்து, வேர் குடிக்கும் தண்ணீர் எந்த வழியாக இலைக்கு ஏறுகிறது என்று உனக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினாள். பிறகு விடுதியில் காப்பி தீர்ந்திருக்குமே என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். இன்னும் ஏழு பேரைக் கேட்டுவிட்டு, புடவையைத் தட்டி எழுந்தாய். “இங்கனயே படி. மணி அடிச்ச பொறவு யாரு உள்ள இருக்காளோ அவ கூட இரு.” நீ எனக்குச் சொன்ன புத்திமதி மொத்தமும் அவ்வளவுதான்.

ஆனால் முதல் மூன்று மாதம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். பாடம் எல்லாம் இங்கிலீஷில். ஒரு வரி ஏறவில்லை. பரீட்சையில் கடைசி இடம். ‘என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், சித்தப்பா வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்’ என்று அழுது கடிதம் எழுதினேன்.

பதில் வரவில்லை. காத்திருந்த நாட்களில், மணி அடித்த பிறகு அந்தக் குள்ளப் பெண்ணோடு ஆய்வுக்கூடத்தில் இருந்து, தண்டை நறுக்கிச் சாயம் ஏற்றப் பழகினேன். பத்து நாள் கழித்து ஒரு பொட்டலம் மட்டும் வந்தது. நிறைய சில்லுக்கருப்பட்டி. துண்டுக் காகிதம்கூட உள்ளே இல்லை. எனக்கு வந்த கோபத்தில், ‘சரி, உங்களுக்கு நான் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று வீறாப்பாகப் படிக்க உட்கார்ந்தேன். மணி அடித்த பிறகு ஒரு நாள் விடாமல் அந்தப் பெண் கூடவே ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கேட்க வெட்கப்பட்டதையெல்லாம் அவளிடம் தமிழில் கேட்டேன். ஆசிரியையின் உதவியும் மைக்ராஸ்கோப்பும் அந்த நேரத்தில்தான் எங்களுக்கே எங்களுக்கென்று கிடைக்கும். அடுத்த வருஷம் தாவரவியலில் முதல் இடம். உனக்குத் தெரிந்த கதை இது. தெரியாதது என் மனத்தாங்கல்தான். அம்மா ஒரு வரி எழுதவில்லையே என்ற வருத்தம் உள்ளே கிடந்தது. நீ இருந்தவரை நான் கேட்கவும் இல்லை.

இப்போது அதே கல்லூரியில் நான் வேலை பார்க்கிறேன் அல்லவா? போன வாரம் அந்த வாட்ச்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். விடைபெற வந்தவரிடம் நீ காலமானதைச் சொன்னேன்.

“அடடா, மூணு பொண்ணுக்கு ஒரு பொண்ணா நிறுத்துவாங்களே, அந்த அம்மாவா? ரெண்டாவது தடவை வந்தப்போகூட வேப்பமரத்தடியில ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க.”

“ரெண்டாவது தடவையா?”

“நீங்க சேர்ந்த புதுசுல. எல்லாரும் போன பிறகு நீங்க கடைசியா வந்தீங்க. கையெல்லாம் சிவப்புச் சாயம். கூட வந்த குள்ளப் பொண்ணோட ஏதோ பெரிய வாக்குவாதம். கூப்பிடட்டுமான்னு கேட்டேன். ‘வேண்டாம், என்னப் பாத்தா கூடவே வந்துருவா’ன்னாங்க. ஒரு பொட்டலத்தைக் கொடுத்து உங்ககிட்ட சேர்க்கச் சொன்னாங்க. கண்ணைத் துடைச்சிக்கிட்டே சிரிச்சாங்கம்மா.”

அந்தப் பொட்டலத்தில் தபால் முத்திரை இல்லை அம்மா. தலைமுடியைவிட மெல்லிய வேரையெல்லாம் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற நான், அன்று அதைப் பார்க்கவில்லை. ஒரு பகல் ரயிலில் நின்றுகொண்டே வந்து, என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, இன்னொரு பகல் நின்றுகொண்டே திரும்பியிருக்கிறாய். அப்பாவிடம் என்ன பொய் சொன்னாய்? ஸ்ரீவைகுண்டத்துப் பெரியம்மா வீட்டுக்கு என்றா? உன்னைப் போல ஒருத்தியை நான் இதுவரை கண்டதில்லை. ஆனாலும் கேட்கிறேன்: அன்றைக்கு ஒரு தடவை முகத்தைக் காட்டியிருந்தால் நான் நிஜமாகவே கூட வந்திருப்பேனா? வந்திருப்பேன் போலத்தான் தோன்றுகிறது.

அடுத்த வாரம் ரூத்தை அழைத்துக்கொண்டு புறப்படுகிறேன். என் கல்லூரி என்பதற்காக இதையே எடுக்கச் சொல்ல மாட்டேன். சித்தப்பா ஊருக்கும் போவோம். அவளே வாசலில் உட்கார்ந்து, மூன்றாவதாக வருகிறவளைக் கேட்கட்டும். அவள் எங்கே சேர்ந்தாலும் முதல் மூன்று மாதத்தில் அழுது ஒரு கடிதம் வரும். வந்த அன்றைக்கே நானும் ரயில் ஏறுவேன், சில்லுக்கருப்பட்டியோடு மரத்தடியில் உட்காருவேன். அவள் நன்றாக இருந்தால் கூப்பிடாமலே திரும்பிவிடுவேன். உன் அளவுக்கு எனக்கு நெஞ்சுறுதி உண்டா என்று தெரியாது, முயன்று பார்க்கிறேன். ஆனால் பொட்டலத்துக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும் அம்மா. ‘வந்து பார்த்தேன்’ என்று அதில் எழுதியிருக்கும்.

அன்று உன்னைத் திரும்பிப் பார்க்காமல் வாக்குவாதம் செய்துகொண்டே போன உன் மூத்த மகள்,
எஸ்தர்