சித்தப்பா அனுப்பிய வேன்

என் நைனாவுக்கு,

நேற்று உனக்கு முதல் வருஷத் தெவசம் முடிந்தது. இலை போட்டு, வடை பாயாசத்தோடு ஒரு கட்டு பீடியும் வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது உன் சட்டைப் பையிலிருந்து அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்த சித்தப்பாதான் கடைக்குப் போய் வாங்கிவந்து, படத்துக்கு முன்னால் பவ்யமாக வைத்தார். செத்தவர்களிடம் நம் ஜனங்களுக்கு எவ்வளவு தாராளம்.

உன்னை எடுத்த அன்று நான் ஏன் இல்லை என்று நம் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "ஃப்ளைட்டு லேட்டாயிடுச்சி, பாவம்." சித்தப்பா சொல்லி வைத்தது. ஒரு வருஷமாக நானும் மறுக்கவில்லை. உன்னிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா? ஃப்ளைட் லேட் ஆகவில்லை நைனா. பத்து நிமிஷம் முன்னாடியே இறங்கியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை அம்மா போன் செய்து வெறுமனே அழுதாள், எனக்குப் புரிந்துவிட்டது. உன் மாப்பிள்ளை டிக்கெட் போட்டார், ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிட்டார், ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். மறுநாள்தான் வந்தார். மாமனார் சாவுக்கெல்லாம் அந்தக் கம்பெனியில் ஆள் மாற்றிக் கொடுக்க மாட்டார்களாம். எட்டு மாசக் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, பூனாவிலிருந்து நான் தனியாகக் கிளம்பினேன்.

பத்தரை மணிக்கு மெட்ராஸில் இறங்கினேன். அங்கிருந்து காரில் நம் வீட்டுக்கு மூன்று மணி நேரம், மிஞ்சினால் மூன்றரை. ரெண்டு மணிக்கெல்லாம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நாலு மணிக்குத்தான் உன்னை எடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை.

காலையிலேயே சித்தப்பாவிடம் சொன்னேன், வேனெல்லாம் வேண்டாம், நானே ஒரு கார் எடுத்து வந்துவிடுகிறேன் என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கைக்குழந்தையோடு தெரியாத ஆள் வண்டியில் ஏறுவியா, நம்ம வீட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்குது, வேன் கிளம்பியாச்சு என்றார். என்னை அழைத்துவர ஒருத்தர் வந்தால் போதாதா? ஒன்பது பேர் வந்தார்கள். நீ நடுவீட்டில் ஐஸ் பெட்டியில் கிடக்க, உன் தம்பி பெண்டாட்டி, அவள் அக்கா, அக்காவின் பேரப்பிள்ளைகள், எதிர்வீட்டுக்காரர் என்று ஒரு வேன் நிறைய ஏர்போர்ட் பார்க்கக் கிளம்பிவந்தார்கள்.

உனக்கும் இதில் பங்கு உண்டு, கோபித்துக்கொள்ளாதே. கல்யாணமாகி நான் முதல்முதலாக விமானம் ஏறினபோது நீயும்தான் வேன் பிடித்துப் பதினோரு பேரைக் கூட்டிவந்தாய். உள்ளே போகிறவள் ஒருத்தி, கண்ணாடிக்கு வெளியே நின்று கை ஆட்டினது பதினோரு பேர். நம் ஊரில் விமானம் என்பது ஒருத்தர் ஏறுவதற்கும் ஊரே வேடிக்கை பார்ப்பதற்கும் என்று ஆகிப்போனது.

வெளியே வந்தேன். டாக்சி புக் பண்ணும் கவுன்ட்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்து, எங்க போகணும் மேடம் என்று கேட்டாள். பத்தடி தூரம்தான். அதற்குள் உன் மாப்பிள்ளையும் பூனாவிலிருந்தே போனில் ஒரு கார் போட்டுவிட்டார். அந்த டிரைவர் கூப்பிட்டார். வயசான குரல். "செஞ்சி ஊருக்குத்தானுங்களா? போயிடலாம்மா. எந்தத் தூண்கிட்ட நிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

தூண் நம்பரைச் சொல்ல வாய் எடுத்தேன். சித்தப்பா லைனில் வந்தார். "வேன் ஏர்போர்ட்டுக்குள்ள நுழைஞ்சிட்டுது பாப்பா. அங்கியே நில்லு. நகராத."

நான் நகரவில்லை. அந்தக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எம்.எஸ்சி. படித்தவள், நைனா. ராத்திரியெல்லாம் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறவள். அந்த டிரைவர் நல்லவரா, வழியில் எங்கேயாவது திருப்பிவிடுவாரா, ஹைவேயில் குழந்தைக்குப் பால் கொடுக்க எப்படி நிறுத்தச் சொல்வது என்று ஒரு நிமிஷத்துக்குள் பத்து பயம். எல்லாவற்றுக்கும் மேலே, வாடகைக் காரில் வந்து இறங்கினால் சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்கிற பயம். நீ செத்துக் கிடக்கிறாய், நான் உயிரோடு இருக்கிறவரின் முகத்துக்குக் கவலைப்பட்டேன். "உங்க சித்தப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நான் பிறந்ததிலிருந்து நீ சொன்னாயே, அது எனக்குள்ளும் இறங்கியிருந்தது போல.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. சித்தப்பாவுக்குப் போட்டால், அவங்க வாசல்லயேதான் நிக்கிறாங்களாம், நீ எங்க இருக்கிற என்றார். நானும் வாசலில்தான் நின்றேன். சித்தியின் போன் வேனில் சார்ஜில் கிடந்தது. டிரைவர் நம்பரைக் கேட்டால் சித்தப்பா, இரு பாப்பா, மேளக்காரங்க வந்துட்டாங்க என்று வைத்துவிட்டார். வண்டி வண்டியாக வந்து யார் யாரையோ ஏற்றிக்கொண்டு போயின. குழந்தை கத்தியது. ஒரு தூணுக்குப் பின்னால் துப்பட்டாவைப் போட்டு மூடிக்கொண்டு, நின்றபடியே பால் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறியது. நம் ஊரிலிருந்து இங்கே வருகிறவர்கள் யாரை அழைக்க வருகிறார்கள்? துபாய்க்காரனை, மஸ்கட்காரனை. நம் ஜனங்களுக்குத் தெரிந்த வாசல் அந்த வெளிநாட்டு வாசல் ஒன்றுதான்; என்னை ஏற்றிவிட நீ கூட்டிவந்த வாசல் யாருக்கும் நினைவில்லை. உள்நாட்டு விமானத்துக்கு வேறு வாசல் இருக்கும் என்று ஒன்பது பேரில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் போய்விடுமே.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையோடு அந்தக் கட்டடத்துக்கு நடந்தேன். அங்கேதான் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் போன் பிடிக்க, பிள்ளைகள் இரண்டும் ஒரு டிராலி மேல் உட்கார்ந்திருக்க, சித்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்கு நின்றாள். என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி மாரில் அடித்துக்கொண்டு, "உங்க நைனா போயிட்டாரேடி" என்று ஒப்பாரி. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்த போட்டோ சொந்தக்காரர்கள் குரூப்பில் இன்னும் இருக்கிறது. அதற்கு அடுத்ததாக உன் கண்ணீர் அஞ்சலிப் படம்.

டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து வேனைக் கிளப்பும்போது பன்னிரண்டே முக்கால். அப்போதுகூட நேரம் இருந்தது. மதுராந்தகத்தில் ஹோட்டலைப் பார்த்ததும் சித்தி நிறுத்தச் சொன்னாள். வேண்டாம் சித்தி, நேராகப் போகலாம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"வயித்துல ஒண்ணுமில்லாம எப்பிடிடி அழறது?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

எல்லோரும் சாப்பாடு சாப்பிட்டார்கள். ரசம் இரண்டாம் தடவை கேட்டார்கள். நான் வேனுக்குள் உட்கார்ந்து சித்தப்பாவுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு தடவை எடுத்தார். திண்டிவனம் தாண்டினால் வந்துவிடுவோம், அதுவரையாவது பொறுங்கள் என்றேன். நாலரைக்கு ராகு காலம் பாப்பா, அதுக்குள்ள எடுத்தாகணும், நீ சீக்கிரம் வரப் பாரு என்றார். சீக்கிரம் வரப் பாரு! ஐஸ் பெட்டி ரெண்டு நாள் தாங்கும். அதை வரவழைத்ததே அவர்தான். அவரால் அரை மணி நேரம் தாங்க முடியவில்லை.

தெருமுனையில் வேன் திரும்பும்போது ரோடெல்லாம் பூ, வெடித்துச் சிதறின காகிதம். வாசலில் இரண்டு பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ கிடந்த இடத்தில் ஈரம்தான் இருந்தது. சுடுகாட்டுக்குப் போகிறேன் என்று திரும்பினேன். பொம்பள அங்க போகக் கூடாது என்று வேனில் என்னோடு வந்தவர்களே கையைப் பிடித்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்தபடி சொன்னாள், "இருக்கட்டும், இருக்கட்டும்னுதான் சொன்னேன். யாருடி என் பேச்ச கேக்கறாங்க?"

உன் முகம் கடைசியில் எப்படி இருந்தது? தூங்குகிற மாதிரி இருந்ததா, வலி இருந்ததா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மீசையை யாரோ ஒதுக்கிவிட்டிருந்தார்களாமே, உனக்கு அது பொருந்தியதா?

சித்தப்பாவைத் திட்டுவது எனக்குச் சுலபம். திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பத்தடி தூரத்தில் கவுன்ட்டர் இருந்தும் போகாமல் நின்ற அந்தப் படித்த பெண்ணை என்ன சொல்லித் திட்டுவது? அவளை எனக்கு இன்னமும் கண்டால் ஆகாது.

சரி, இந்த வருஷத்துக் கதையைக் கேள். தெவசத்துக்கு வரும்போதும் சித்தப்பா போன் செய்தார், வேன் அனுப்பவா என்று. வேண்டாம் என்றேன். சித்தி இரண்டு நாளாகப் புடவை எடுத்து வைத்திருந்தாளாம். காலை ஏழு மணிக்கு இறங்கினேன். யாரையும் கேட்காமல் இல்லை, பார்த்தவரையெல்லாம் கேட்டேன். எதிரே ரோட்டைத் தாண்டித் திருசூலம் ஸ்டேஷன். மின்சார ரயிலில் வண்டலூர், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கிளாம்பாக்கம். நம் ஊரில் இன்னும் பாதிப் பேர் கோயம்பேட்டுக்குத்தான் வழி சொல்கிறார்கள். கிளாம்பாக்கத்தில் செஞ்சி வழியாகப் போகிற திருவண்ணாமலை பஸ் நின்றது, ஜன்னல் சீட்டே கிடைத்தது. பயமாக இல்லையா என்று கேட்காதே. வழி முழுக்கப் பயம்தான். உன் பேத்தி இனியாவின் கையை இறுக்கிப் பிடித்து அவளை அழவே வைத்துவிட்டேன். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் இருந்தேன்.

"யாரு கூட்டியாந்தது?" என்றார் சித்தப்பா.

யாருமில்லை என்றேன். அதை நம்பாமல் தெருவை எட்டிப் பார்த்தார்.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டார். ஆடி மாசத்தில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது உனக்குத் தெரியாது. ஆள் பாதியாகிவிட்டார். அவருடைய சின்ன மகள் பவித்ரா நர்சிங் முடித்து, அடுத்த மாசம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறாள். அவரையும் அவளையும் பற்றி ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு எதுனா ஆச்சின்னா பாப்பா," என்றார், "அவ வர்ற வரிக்கும் எடுக்க வுடாத. நீ சொன்னா கேப்பாங்க."

அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "ராகு காலம் வந்துட்டா?"

தலை குனிந்துவிட்டது.

"வந்தா வந்துட்டுப் போவுது."

அவ்வளவுதான் நைனா. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பு செய்துவிட்டேன் என்று இல்லை. தன் முகத்தைத் தன் பெண் பார்க்க வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். நான் உள்ளே வந்துவிட்டேன். கூடத்தில் பவித்ரா, இனியாவை மடியில் வைத்துக்கொண்டு, மஸ்கட்டிலிருந்து வர எத்தனை மணி நேரம் ஆகும் அக்கா என்று கேட்டாள். அவளுக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது போல.

அவருக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நான் அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்த நாள் வரும்போது பூனாவிலிருந்து நான் முதலில் வந்துசேருவேன். பவித்ரா படியேறி உள்ளே வந்து, அவள் அப்பா முகத்தைப் பார்த்து, போதும் என்று அவள் வாயால் சொல்லும்வரை ஒருத்தரையும் தூக்க விடமாட்டேன். எத்தனை ராகு காலம் வந்தாலும் சரி, எத்தனை ஆம்பளைகள் கத்தினாலும் சரி, நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொள்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் ஒரே பொண்ணு,
சத்யா