மைனி எழுப்பிய பிள்ளை

மைனி,

இன்று காலை மழை இறங்கிவிட்டது. கொடியில் கிடந்த கம்பளியை உதறித் தலையில் போட்டபோது, அடுப்புப் புகையும் ஈர ஆட்டுமயிரும் கலந்த அந்தப் பழைய வாசனை முகத்தில் அடித்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். நேற்றுத்தான் உங்கள் ஊரிலிருந்து கங்காணி கூட்டிவந்த புது ஆட்களில் ஒருத்தி சொன்னாள், தை மாதமே காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று. நான் இத்தனை மாதமும் உயிரோடு இருக்கிற ஆளை நினைப்பதுபோலத்தான் உங்களை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோயில் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்தவள் என்று தோட்டத்து லயவீடுகளில் எல்லாரும் என்னிடம்தான் ஊருக்குக் கடுதாசி எழுதக் கேட்பார்கள். நீங்கள் மட்டும் கேட்டதில்லை. “நான் பேசுனாத்தான் அது நான். நீ எழுதுனா அது நீதானட்டி?” என்பீர்கள். இப்போது நீங்கள் பேசப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பீர்மேட்டு மலைக்கு நான் வந்தபோது பாக்கியம் வயிற்றில் இருந்தாள். உங்கள் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். உறவு இல்லாவிட்டாலும் அன்றிலிருந்து நீங்கள் எனக்கு மைனி, உங்கள் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன். பிரசவத்தில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டது நீங்கள். பிள்ளைக்குக் கழுத்து நிற்பதற்குள் நான் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலைக்குப் போய்விட்டேன். வேறு வழி இல்லை. வேலைக்கு இறங்காத கைக்கு அரிசி கிடையாது.

வேலைக்குக் கூப்பிடும் கொம்பு ஊதும்முன் அடுப்பு மூட்டி, கஞ்சி வடித்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, ஓடைக்கரையில் இருந்த பிள்ளைக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போடுவேன். புல்கூரை வேய்ந்த கொட்டகை. குறுக்கே கட்டிய மூங்கிலில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேலைக்கு ஆகாத ஒரே ஒரு கிழவி. நடுப்பகலில் ஒருமுறை இறங்கிவந்து பால் கொடுக்கலாம். அதற்குள் மார்பு கல்லாகிவிடும். கொழுந்து கிள்ளும்போதே பால் கசிந்து சேலை நனையும். மழையில் நனைந்ததா பாலில் நனைந்ததா என்று யாருக்கும் தெரியாதது ஒன்றுதான் மழைக்காலத்தின் சௌகரியம்.

நீங்கள் அந்தக் கொட்டகைப் பக்கமே வரமாட்டீர்கள். அந்த வழி குறுக்குவழி. ஆனாலும் மேட்டைச் சுற்றித்தான் போவீர்கள். நான் வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் உங்கள் பையன் அங்கேதான் இறந்தான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காய்ச்சல் என்றார்கள். நீங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் கேட்பீர்கள்: “பிள்ள இன்னைக்கு அழுதாளா?”

“இல்ல மைனி. சமத்தா இருந்தாளாம்.”

நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள்.

அன்றைக்கும் மழை. நடுப்பகலில் நான் இறங்கிப்போனேன். பாக்கியம் உறங்கிக்கொண்டிருந்தாள். மார்பில் சேர்த்துப் பிடித்தேன், வாய் திறக்கவில்லை. “கஞ்சித்தண்ணி குடுத்தேன், வயிறு நெறஞ்சு கெடக்கா. உறங்கட்டும்” என்றாள் கிழவி. கங்காணியின் கூப்பாடு மேலே கேட்டது. மறுபடி தொட்டிலில் போட்டுவிட்டு ஏறிவந்தேன்.

அடுத்த நிரையில் நின்ற நீங்கள் என் சேலை முன்பக்கத்தைப் பார்த்தீர்கள். மழைத் தண்ணீர் இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ.

“பிள்ள குடிக்கலியா?”

“நல்ல உறக்கம் மைனி. எழுப்ப மனசு வரல.”

உங்கள் கை செடியிலேயே நின்றுவிட்டது. “கண்ணைத் தொறந்து பாத்தியா? கால அசைச்சாளா?” என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லுமுன் கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டு இறங்கி ஓடினீர்கள். என்ன ஏது என்று புரியாமல் நானும் பின்னால் ஓடினேன். கங்காணி எங்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தது காதில் விழுந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வழுக்கலில் இரண்டு தடவை விழுந்து எழுந்தீர்கள். அத்தனை நாள் சுற்றிப்போன அந்தக் குறுக்குவழியில்தான் ஓடினீர்கள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அத்தனை தொட்டில், ஒரு பிள்ளைகூட அழவில்லை. கூரையில் மழை கொட்டும் சத்தம் மட்டும்தான்.

நீங்கள் பாக்கியத்தைத் தூக்கினீர்கள். தலை துணிபோல் தொங்கியது. விரலால் இமையை விரித்தீர்கள். கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாயருகே மூக்கை வைத்து முகர்ந்துவிட்டுக் கிழவியிடம் திரும்பினீர்கள்.

“என்ன குடுத்த?”

“நானா வாங்குனேன்? பெரிய கங்காணி குடுத்து விடுதாரு. சத்தம் போட்டுக் கத்துற பிள்ளைக்கு ஒரு கடுகளவு. இத்தன பிள்ளைக்கு நான் ஒருத்தி என்ன செய்ய?”

“அபினா?”

அவள் அழ ஆரம்பித்தாள். நீங்கள் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைப் பிடுங்கி உங்கள் முந்தானையில் முடிந்துகொண்டீர்கள். “மத்த பிள்ளைகள எழுப்பு. ஒவ்வொண்ணா எழுப்பு” என்று சொல்லிவிட்டு என் பிள்ளையோடு தோட்டத்து மருந்துக்கடைக்கு ஓடினீர்கள். ஓடும்போதே அவள் உள்ளங்காலை விரலால் சுண்டிக்கொண்டே போனீர்கள்.

கம்பவுண்டர் மலையாளத்துக்காரர். நல்ல மனுஷன், ஆனால் அவர் கையிலும் இதற்கு மருந்து இல்லை. பாலில்லாத காப்பித்தண்ணீரில் துணியை நனைத்து உதட்டில் பிழிந்தார். “உறங்க விடக்கூடாது, கேட்டோ. பேர் சொல்லி விளிச்சிக்கிட்டே இருக்கணும். மூச்சு நின்னா காலில் அடி” என்றார். அப்புறம் நீங்களும் நானும் மருந்துக்கடை வராந்தாவில் மாற்றி மாற்றி நடந்தோம். நீங்கள் இசக்கியம்மனைக் கூப்பிட்டீர்கள். நான் இயேசுவைக் கூப்பிட்டேன். நடுநடுவே மூச்சு நின்றுவிடும். நீங்கள் சுண்டுவீர்கள். ஒரு சின்ன இழுப்பு வரும். மறுபடி நிற்கும். நான் களைத்துச் சுவரோடு உட்கார்ந்தபோது, “இப்ப உக்காந்தேன்னா அவ போயிருவா, எந்திரி” என்று என் கையைப் பிடித்துத் தூக்கினீர்கள். உங்கள் குரலில் கொஞ்சமும் இரக்கம் இல்லை. அன்று எனக்கு வேண்டியிருந்ததும் இரக்கம் இல்லை.

மலைக்குப் பின்னால் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது பாக்கியம் முகத்தைச் சுளித்தாள். பிறகு பூனைக்குட்டிபோல ஒரு சத்தம். அப்புறம் வாய் கிழிய அழுதாள். சமாதானப்படுத்த நான் கை நீட்டினேன். “அழட்டும் விடு” என்றீர்கள். கம்பவுண்டர் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொட்டகையில் மற்ற பிள்ளைகளும் ஒவ்வொன்றாக எழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அதற்குப் பிறகுதான் நீங்கள் படியில் உட்கார்ந்தீர்கள். மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: “எம் பயலும் இப்படித்தான் உறங்குனான். அசந்து உறங்குதானேன்னு, காத்துப் படாம போத்தி விட்டுட்டு வந்தேன்.”

நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் எழுதும் இடத்தில், எல்லார் முன்னாலும் பாக்கியத்தை என்னிடமிருந்து வாங்கி உங்கள் முதுகில் சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். பெரிய கங்காணி பிரம்போடு வந்தார்.

“பிள்ளைய எறக்கி வச்சிட்டுப் போ.”

“எங்க எறக்கி வைக்க? நீரு அபின் குடுத்து விடுத கொட்டகைலயா?”

“பிள்ளையக் கட்டிக்கிட்டுக் கொழுந்து எடுக்க முடியாது.”

“அப்ப கொழுந்து வேண்டாம்.”

அவர் பிரம்பை ஓங்கினார். நீங்கள் நகரவில்லை, முதுகில் இருந்தது என் பிள்ளை. அப்போது கைப்பிள்ளைக்காரி இன்னொருத்தி தன் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு இன்னொருத்தி. நானும் வைத்தேன். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் என் பின்னால் வந்து நின்றார்.

குதிரையில் வந்த வெள்ளைக்காரச் சின்னதுரை என்ன கூட்டம் என்று கேட்டான். “இதுகளுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கல துரை” என்றார் கங்காணி. நீங்கள் முன்னால் போய், முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தக் கறுப்பு உருண்டையை உள்ளங்கையில் நீட்டினீர்கள். “இத இவரு பேரப்பிள்ளைக்கு ஒரு கடுகளவு குடுக்கச் சொல்லுங்க. இப்பவே போறோம் வேலைக்கு.”

துரைக்கு எவ்வளவு தமிழ் புரிந்ததோ தெரியாது. அந்த உருண்டையை எடுத்து முகர்ந்தான். கங்காணியின் முகத்தைப் பார்த்தான். கங்காணி பிரம்பைத் தாழ்த்திக்கொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

கங்காணியை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவர் கங்காணியாகவே இருந்தார். ஆனால் கைப்பிள்ளைக்காரிகளில் ஒருத்தி முறைவைத்துக் கொட்டகையில் இருக்கலாம், அன்றைக்கு அவளுக்கும் பேர் விழும், கூலி உண்டு என்று உத்தரவாயிற்று. அபின் பை அதன்பிறகு அங்கே வரவில்லை. அந்த மழைக்காலம் முடிந்ததும் உங்களுக்கும் அண்ணனுக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

குமுளிப் பாதையில் மூட்டையோடு நீங்கள் இறங்கிப் போனபோது, வளைவு வரை பிள்ளையோடு வந்தேன். என்னால்தானே என்று அழுதேன். நீங்கள் அதட்டினீர்கள். “யாரால? எம் பயலுக்குன்னு ஒரு நாளு நான் நிக்கணும்ல. நின்னுட்டேன்” என்றீர்கள். பாக்கியத்தின் கன்னத்தைக் கிள்ளி அவளை அழவிட்டுவிட்டுத்தான் போனீர்கள்.

அவள் இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். உங்கள் செய்தியை நேற்று அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, நீங்கள் சுண்டிய தன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொட்டகைக்கு இப்போது தகரக்கூரை. பாக்கியத்துக்குப் பின்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, கடைசிப் பிள்ளை இன்னும் கைப்பிள்ளை என்பதால் முறைக்கு இருக்க நானும் போகிறேன். உறங்குகிற பிள்ளையை உறங்கவிட என்னால் முடிவதில்லை. தொட்டில் தொட்டிலாகப் போய் ஒவ்வொரு உள்ளங்காலையும் ஒரு சுண்டு சுண்டுகிறேன். அவை எழுந்து ஒன்றைப் பார்த்து ஒன்று அழும். புதிதாக வந்த தாய்மார்கள், “இந்த அக்கா வந்தாலே பிள்ளைக உறங்காது” என்று சலித்துக்கொள்கிறார்கள். அத்தனை அழுகையும் தனித்தனியாகக் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.