இஞ்சி மருந்தும் தேவாலயத்துக் கம்பளமும்

சீடர் ஃபோர்டு, மிசௌரி
1930 மார்ச் 23, ஞாயிறு

அன்பு மகள் வெர்னாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். கான்சாஸ் சிட்டியில் நீ நலம் என்பதை உன் கடிதத்திலேயே கண்டுகொண்டேன், கையெழுத்து அத்தனை ஓட்டமாக இருந்தது. மாப்பிள்ளை ஹோமரின் படத்தைச் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன். பையனுக்குக் காது கொஞ்சம் பெரிது. பரவாயில்லை, பெண்டாட்டி சொல்வது நன்றாகக் கேட்கும்.

ஜூன் மாதம் கல்யாணம் என்பதும், சம்பந்தியே போதகராக இருக்கும் தேவாலயத்தில் என்பதும் எங்களுக்குப் பரம சந்தோஷம். அவர் உங்கள் நகரத்து மதுவிலக்குச் சங்கத்துக்கும் தலைவர் என்று எழுதியிருந்தாய். உங்கள் ஊரில் தட்டாத கதவுக்குப் பின்னால்கூடச் சாராயம் கிடைக்கும் என்று இங்கே பேச்சு. அங்கே அந்த வேலை பார்ப்பவருக்குத் தூக்கம் ஏது?

இங்கே பெரிய சேதி ஒன்றுமில்லை. பழுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. முடிதிருத்தும் ஓட்டிஸ் போன மாதம் கடையைச் சாத்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டே போய்விட்டான். ஆண்கள் எல்லாம் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் மாதிரி தாடியோடு திரிகிறார்கள். செருப்புத் தைக்கும் குரோஸுக்கு மட்டும் இந்த வசந்தத்தில் வேலைக்குக் குறைவில்லை.

அப்பா ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அவருக்கு வாதம். ஈரக்காற்று காலில் இறங்கிவிட்டது. மரக்கடைக்குப் போகவில்லை. சபையில் காணிக்கைத் தட்டை இப்போது வேறொருவர் எடுத்துப் போகிறார். நீ லீவு கேட்டு ஓடி வர வேண்டாம். டெலிபோன் ஆபீசில் உன் நாற்காலிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம் விசாரித்து எழுது. அந்தத் தேவாலயத்தில் வாசலிலிருந்து பீடம் வரை வெறும் பலகையா, கம்பளம் உண்டா? இல்லை என்றால், கல்யாணத்தன்று நல்ல தடிமனாக ஒன்று விரிக்க முடியுமா? வெளியே படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கிறதா? கம்பளம் இருந்தால் உன் வெள்ளை உடுப்பின் ஓரம் அழுக்காகாது, அதற்காகத்தான் கேட்கிறேன்.

உன்னை நாள் தவறாமல் ஜெபத்தில் ஏந்தும்
அம்மா,
ஆர்ஃபா


சீடர் ஃபோர்டு
1930 மே 11, ஞாயிறு

என் கண்ணான வெர்னாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம் ரிப்பன், கேக் என்று எழுதிவிட்டு, கேட்க வந்ததைக் கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். அந்த விஷயத்தில் நீ என் மகள்தான்.

சந்தைத் தெருவில் ஒரு மனிதர் முட்டியை உயர உயரத் தூக்கி, பாதத்தைப் பட்டென்று போட்டு நடந்து வந்தார், பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தாய். சம்பந்தி உன்னிடம், "பாத்தியாம்மா, பாவத்தோட சம்பளத்த ரெண்டு காலுலயும் எழுதி ஒட்டியிருக்கு" என்றாராம். ஹோமர் ஒன்றும் பேசவில்லையாம். வீட்டுக்கு வந்து என் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தாயாம். அப்பாவின் வாதமும் அந்த மாதிரிதானா என்று கேட்கிறாய்.

ஆமாம் மகளே. அந்த மாதிரிதான்.

முழுவதும் சொல்லிவிடுகிறேன். ஓட்டிஸ் கடையின் பின்னால் ஒரு அறை இருந்தது. முன் வாசலில் போய், "ஓட்டிஸ், வயிறு சரியில்லப்பா" என்று சொன்னால், அவன் திரையை விலக்கிவிடுவான். உள்ளே இஞ்சி மருந்து, விரல் நீளக் குப்பி. சாராயத்துக்குத்தான் சட்டத்தில் தடை, இது மருந்துக்கடையில் யாரும் வாங்கக்கூடியது, லேபிளில் அஜீரணத்துக்கு என்றுதான் போட்டிருக்கும். ஆனால் முக்கால்வாசி சாராயம். அதைக் கோலாவில் ஊற்றிக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து குதிரையையும் மழையையும் பற்றிப் பேசுவார்கள். தனியாகக் குடித்தால் மருந்து, நாலு பேரோடு குடித்தால்தான் குடி. வழுக்கைத் தலையர்கள் வாரம் இரண்டு தரம் முடிவெட்டப் போன ஊர் நம் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த வருஷம் வந்த சரக்கில் எவனோ பேராசைக்காரன் எதையோ கலந்துவிட்டான் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் உன் அப்பா காலைச் சாப்பாடு முடித்து நாற்காலியை விட்டு எழுந்தார், எழுந்த வேகத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்லம்மா, காலு தூங்கிருச்சு" என்றார். தூங்கின கால் இன்னும் விழிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே பாதம் தொங்குகிறது. முட்டியைத் தூக்கிப் போட்டால் முதலில் விரல் நுனி தரையைத் தட்டும், அப்புறம் குதிகால் விழும். டொக், பட். டொக், பட். டாக்டர் ஒரு வருஷத்தில் சரியாகலாம் என்கிறார், ஆகாமலும் போகலாம் என்கிறார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் முழுக்கப் போகவில்லை. அவர் குடித்தார் என்பதைவிட, எனக்குத் தெரியாது என்று நினைத்தாரே, அதுதான். இஞ்சி ரொட்டி சுடாத நாளிலும் இந்த வீட்டில் இஞ்சி மணக்கும் வெர்னா. நான் மூக்கில்லாதவளா? "உனக்குத் தெரியுமா? அப்ப ஏன் கேக்கல?" என்றார். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றேன்.

உனக்கு ஏழு வயதில், சபைப் பெண்கள் எல்லோரும் சாராயக்கடை வாசலில் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றோமே, நீ கொடி பிடித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வாரம்தான் அப்பா இனித் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தக் காகிதம் பொய்யில்லை. அன்று மனதாரத்தான் போட்டார். அந்தக் கடையை மூடியதில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதற்கு ஒரு ஜன்னல் இருந்தது, எவர் என்ன குடிக்கிறார் என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்தது. திரைக்குப் பின்னால் வந்த பிறகு, குடித்தவர்களுக்கே என்ன குடிக்கிறோம் என்று தெரியாமல் போயிற்று.

நம் ஊரில் அப்பாவையும் சேர்த்து ஐந்து பேர். செருப்புத் தைக்கும் குரோஸ் வாய் திறக்கவில்லை. ஆனால் ஐந்து ஜோடி ஷூவும் ஒரே இடத்தில், நுனியில், தேய்ந்து வந்தால் அவருக்குத் தெரியாதா?

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, ஜெபம் நடக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. டொக், பட். நம் தேவாலயத்தில் வெறும் பைன் பலகை. ஒருவர் உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார், பின்னாலேயே இன்னொருவர். யாரும் தலை நிமிரவில்லை. ஆனால் எல்லார் காதும் எண்ணிக்கொண்டிருந்தது. காலால் மிதித்து வாசிக்கும் ஹார்மோனியத்தில் மிஸஸ் பெட்டஸ். இந்த ஊர் மதுவிலக்குச் சங்கமே அந்த அம்மாள்தான். அடுத்து வந்த நடையைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. புருஷன் எவரெட்டின் நடை எந்த மனைவிக்குத் தெரியாது? ஜெபம் முடியவில்லை, ஆமென் வரவில்லை, அவள் ஹார்மோனியத்தை மிதித்து வாசிக்கத் தொடங்கிவிட்டாள். கூரை அதிரும்படி வாசித்தாள், எவரெட் உட்காரும்வரை. அன்றிலிருந்து எவர் அப்படி நடந்து வந்தாலும் அவள் வாசிக்கிறாள். இத்தனை வருஷம் அவளோடு கேக் விற்பனையில் சண்டை போட்டிருக்கிறேன். அன்று அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

உன் அப்பா உள்ளே வரவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீடு திரும்பும்போது, "பாவம் அந்தம்மா. எங்க காலுக்காக அவங்க காலு நோகுது" என்றார்.

அதற்கு முன்பே உனக்குக் கம்பளத்தைப் பற்றி எழுதிவிட்டேன். உன் கல்யாணத்தில் அவர் உன்னைக் கூட்டிக்கொண்டு பீடம்வரை நடக்க வேண்டும், சத்தம் சம்பந்தியின் காதில் விழக்கூடாது என்பது என் யோசனை. நீயும் சிவப்புக் கம்பளத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டதாக எழுதிவிட்டாய். சரி, பழகிப் பார்ப்போம் என்று போன வாரம் கூடத்தில் நம் கம்பளத்தை நீளவாக்கில் விரித்தோம். நான்தான் மணப்பெண். தலையில் பாத்திரம் துடைக்கும் துண்டு. "முப்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்ததுக்கு இப்ப ஒண்ணும் மோசமில்ல" என்றார். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

நாலு எட்டு வைத்திருப்போம். ஷூவின் நுனி கம்பளத்தில் மாட்டியது. அவர் விழுந்தார், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அடி ஒன்றுமில்லை. இரண்டு பேரும் தரையில் கிடந்தபடியே சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு சொன்னார். "கம்பளத்துல போனா சத்தம் வராது ஆர்ஃபா, ஆனா விழுந்துருவேன். விழுந்தா புள்ளையையும் சேத்துச் சாய்ச்சிருவேன். பலகைல விழமாட்டேன், ஆனா அத்தன பேருக்கும் கேக்கும். கேக்கட்டும்."

மறுநாள் ஷூவை எடுத்துக்கொண்டு குரோஸிடம் அவரே போனார். பெரிய தெரு வழியாக, பட்டப்பகலில். கூடவே வருகிறேன் என்றதற்கு, "நான் என்ன பள்ளிக்கூடத்துக்கா போறேன்?" என்றார். நுனியில் இரும்புத் தகடு அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இனித் தேயாது. சத்தம் முன்னைவிட அதிகம்.

அவர் என்னை எழுதச் சொன்னது வேறு. "மாமனார் முன்னால அவ தலகுனியணும்னா நான் வரல. வாதம் அதிகமாயிருச்சுன்னு எழுதிரு" என்றார். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. எது சரி என்று நான் சொல்லவும் மாட்டேன். நாளைக்கு அந்த வீட்டில் வாழப்போகிறவள் நீ. சம்பந்தி நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எழுதி ஒட்டியிருக்கிறது என்று சொன்ன வாய், எவர் காலையும் ஒரே மாதிரிதான் வாசிக்கும். ஹோமர் பேசாமல் நின்றதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத்தான் தெரியும்.

ஆகவே ஒரு வரி போதும் கண்ணு. கம்பளம் விரித்தாயிற்று, எடுக்க முடியாது என்று எழுது. நாங்கள் புரிந்துகொள்வோம். ஏன் என்று கேட்கமாட்டோம், மனதில் வைத்துக்கொள்ளவும் மாட்டோம். உனக்காகத் தைத்த மெத்தைப் போர்வையை எடுத்துக்கொண்டு நான் மட்டும் வருவேன். என் சித்தப்பா மகனோ யாரோ உன்னைக் கூட்டிப் போகட்டும். அப்பா வீட்டிலிருந்தே ஆசீர்வதிப்பார். அவர் ஆசீர்வாதத்துக்குக் கால் வேண்டியதில்லை.

அப்படி இல்லையென்றால், வெறும் பலகைதான் அம்மா என்று எழுது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். அன்று அவர் உன்னைப் பிடித்து நடத்தமாட்டார், நீதான் அவரைப் பிடிக்க வேண்டும். இடது முழங்கையை, இறுக்கமாக. மெதுவாகப் போ. ஆர்கன்காரரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லாதே, அப்பாவுக்கு அது பிடிக்காது. யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும், நீ திரும்பாதே.

பழுப்புக் கோழி பொரித்த குஞ்சுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. தபால்காரர் வரும் நேரத்துக்கு உன் அப்பா தினமும் வாசல் கேட்வரை நடந்து போய் நின்றுவிட்டு வருகிறார். கேட்டால், காலுக்குப் பயிற்சி என்கிறார்.

என் மகளே, நீ கால் வைக்கும் தரை உன்னைத் தாங்கட்டும். உன் வீட்டில் திரை போட்ட அறை எதுவும் இல்லாதிருக்கட்டும். சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் அம்மா
ஆர்ஃபா