போர்டில் சிரிக்கும் என் படத்தை அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
எ. தேவசேனா,
க/பெ. எழிலரசன்,
கொல்லைமேடு கிராமம், நகரி வழி,
சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சித்தூர்.

பொருள்: திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியிலும் புத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரிலும் உள்ள ஏற்றுமதிப் பயிர் விளம்பரப் போர்டுகளிலிருந்து என் படத்தை நீக்கக் கோருவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. ஆதலால் தமிழில் எழுதுகிறேன். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் குடும்பத்துக்கு அரசு கொடுத்த ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போட்டு வந்தோம். வெளிநாட்டுப் பாமாயில் தாராளமாக வரத் தொடங்கியதும் கடலை விலை படுத்துவிட்டது.

2. போன வருடம் எங்கள் ஊரில் கூட்டம் போட்டார்கள். வந்திருந்த அதிகாரி தடையற்ற வாணிபம் பற்றி விளக்கினார். எந்த நாட்டுக்கு எது சுலபமாக வருமோ அதை மட்டும் செய்து, மற்றதை வாங்கிக்கொண்டால் எல்லோருக்கும் லாபமாம். எண்ணெயை மலேசியா பார்த்துக்கொள்ளும், நீங்கள் வெள்ளைக்காரர்கள் ஊறுகாய் போடும் குட்டி வெள்ளரியைப் பயிரிடுங்கள் என்றார். அவர்கள் வாங்காமல் போனால் என்ன செய்வது என்று எங்கள் ஊர் கங்கையா எழுந்து கேட்டார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

3. கூட்டம் முடிந்ததும் என் கையில் ஒரு கூடை வெள்ளரியைக் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்தக் கூடை, வெள்ளரி வாங்கும் கம்பெனியின் வேனில் வந்தது. அன்று என் நிலத்தில் ஒரு விதைகூட ஊன்றவில்லை ஐயா. அந்தப் படத்தைப் போர்டில் போட்டு, 'தடையற்ற வாணிபத்தால் உயர்ந்த பெண் விவசாயி' என்று தெலுங்கில் எழுதியிருப்பதை என் மகள்தான் படித்துச் சொன்னாள்.

4. நாங்கள் வெள்ளரி போட ஒத்துக்கொண்டதும், வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். தடையற்ற வாணிபத்தில் எங்களுக்கு மட்டும் தடை எப்படி வந்தது என்று அந்த அதிகாரியைக் கேட்டுச் சொல்லவும். முதல் போகத்தை எடுத்துக்கொண்டார்கள். மாசியில், வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோயிற்று என்று வேன் வரவில்லை. விரல் அளவில் பறிக்காவிட்டால் இந்தக் காய் மறுநாளே ஊதிவிடும். புத்தூர் சந்தையில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடலை விற்காவிட்டால் வறுத்தாவது தின்போம். இதைத் தின்று தின்று மாடுகளே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

5. என் நாத்தனார் பச்சையம்மாள் அந்தப் போர்டைப் பார்த்துத்தான் கடலையை விட்டு வெள்ளரி போட்டாள். இப்போது வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது எல்லோர் முன்னாலும், "உன் மூஞ்சி சிரிச்சிக்கினு இருந்ததப் பாத்துத்தானே அண்ணி நாங்களும் போட்டோம்? அது இன்னும் சிரிச்சிக்கினுதானே கீது!" என்றாள்.

6. போன வாரம் ஏர்பேட்டிலிருந்து இரண்டு விவசாயிகள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். மலைக்குப் போனவர்கள் அலிபிரியில் போர்டைப் பார்த்தார்களாம். எனக்கு லட்டுப் பிரசாதம் கொடுத்துவிட்டு, விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. லாபத்தில் நாங்களும் பங்கு கேட்போம் என்று மறைக்கிறாயா அம்மா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எதிரே நின்று நான் சொல்வதைவிடப் போர்டில் இருக்கும் என் பல்லுக்குத்தான் மதிப்பு. அவர்களும் விதைத்துவிட்டால் அந்தப் பாவமும் என் தலையில்தான் விடியும்.

7. ஆகவே, இந்த விதைப்பு தொடங்குமுன் இரண்டு போர்டுகளிலிருந்தும் என் படத்தை எடுத்துவிட உத்தரவிட வேண்டுகிறேன். கேட்ட இடத்தில் எல்லாம், மேலிடத்து உத்தரவு இல்லாமல் தொட முடியாது என்கிறார்கள். உங்களாலும் முடியாது என்றால், அதே போட்டோக்காரரை எங்கள் ஊருக்கு அனுப்பி வையுங்கள். அதே சேலையைக் கட்டிக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் பச்சையம்மாள் வீட்டு வாசலில் காலிக் கூடையோடு நிற்கிறேன். அந்தப் படத்தைப் போர்டில் போடுங்கள். சிரிக்க மட்டும் சொல்லாதீர்கள்.

இடம்: கொல்லைமேடு
நாள்: 11.06.2001

கோபம் தணியாமல், மரியாதை குறையாமல்,
எ. தேவசேனா